பழைய சரக்கு என்று நான் அழித்தவை

நாகர்கோவில் கோட்டாற்றில் பலசரக்கு மொத்த வியாபாரம் செய்கிறவன் நான். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தெரியும் என்று நானும் சொல்லிக்கொள்ள முடியாது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஆட்கள்தான் உலகத்தில் அதிகச் சேதம் பண்ணுகிறவர்கள் என்பது என் கருத்து. ஒன்றும் தெரியாதவன் பயந்து கையை எடுத்துவிடுவான். முழுக்கத் தெரிந்தவன் யோசித்துத் தொடுவான். அரைகுறையாகத் தெரிந்தவனுக்கு மூக்கு நுனியில் கோபமும் இருந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

என் மகள் திருவனந்தபுரத்தில் விடுதியில் தங்கி ஆராய்ச்சி செய்கிறாள். தவளைகளைப் பற்றி. யாராவது கேட்டால் நான் உயிரியல் என்பேன். என் மனைவிக்கு அந்தக் கூச்சம் இல்லை, தவளை என்றே சொல்லிவிடுவாள். கேட்டவர்கள், பிள்ளைக்கு வயசு என்ன ஆச்சு என்று அடுத்த கேள்விக்குப் போவார்கள். தவளையில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது என்று நானும் அவளிடம் உட்கார்ந்து கேட்டதில்லை. அவை கத்துவதைப் பதிவு செய்கிறாள் என்பது மட்டும் தெரியும். எந்தத் தவளை எப்போது கத்துகிறது, எத்தனை தடவை கத்துகிறது, எதற்காகக் கத்துகிறது என்று அதில் கணக்கு இருக்கிறதாம். கேரளத்தில் மழைக்கா பஞ்சம், அங்கேயே எங்காவது பதிவு செய்வாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன தை மாதம் விடுமுறைக்கு வந்தவள் திரும்பிப் போகும்போது லேப்டாப்பை வீட்டில் வைத்துவிட்டுப் போனாள். அதன் பேட்டரி ஊதிப்போய், மூடினால் மூடாமல் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. கோட்டாற்றில் எனக்குத் தெரிந்த கடையில் மாற்றி வைப்பதாகச் சொல்லியிருந்தேன். சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. அதற்கடுத்த வாரம் பல்கலைக்கழகத்தில் அவள் தன் பதிவுகளைப் போட்டுக் காட்டிப் பேச வேண்டும். அதில் தேறினால்தான் ஆராய்ச்சியின் அடுத்த கட்டம்.

செருப்பை மாட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: "வாப்பா, ஒரு வருஷ ரெக்கார்டிங் இதுலதான் இருக்கு. காப்பி வச்சிருந்த டிஸ்க் கெட்டுப் போச்சு. பேட்டரிய மட்டும் மாத்தினாப் போரும். வேற ஒண்ணும் செய்யாண்டாம்."

வைகாசிக் கடைசியில் பிடிக்கும் இடவப்பாதி மழை தொடங்கி, ஐப்பசியில் பெய்யும் துலாவர்ஷம் முடிகிற வரைக்கும் உட்கார்ந்து எடுத்த பதிவுகள் அவை. போனால் மறுபடி எடுக்க ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

பேட்டரியைத் திங்கட்கிழமை காலையில் மாற்றியாயிற்று. வாய் மூடியது, விளக்கு எரிந்தது. அன்று மத்தியானம் என் மனைவி ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். தோகாவில் இருக்கும் அவள் தம்பியின் மகனுக்கு நடந்த கல்யாணத்தின் வீடியோ. மணமேடையில் தொடங்கி, பந்தியில் எலும்பு கடித்துக்கொண்டிருந்தவர்கள் வரை ஒரு முகத்தையும் விடாமல் எடுத்திருந்தார்கள். நாங்கள் போகமுடியாத கல்யாணம் என்பதால் அவளுக்கு அதைப் பார்க்காமல் இருப்புக் கொள்ளவில்லை. பென் டிரைவ் சாயங்காலமே அடுத்த சொந்தக்காரர் வீட்டுக்குப் போகவேண்டும். அதனால் லேப்டாப்பில் ஏற்றிவைத்தால் நிதானமாகப் பார்க்கலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். ஏற்றப் போனால் இடம் போதாது என்றது.

இடம் போதாது என்ற சொல்லை ஒரு மொத்த வியாபாரியிடம் சொல்லக்கூடாது. இடம் உண்டாக்குவதுதான் எங்கள் தொழில். என் கோடவுனில் ஒவ்வொரு மூட்டையிலும் அது வந்து இறங்கிய தேதியை மையால் எழுதிவைப்போம். நோன்புக்கு முந்தி, வருஷத்துக்கு ஒரு தடவை, எல்லாவற்றையும் இறக்கி ஏற்றுவோம். ஒரு வருஷமாக அசையாமல் கிடக்கிற மூட்டை என்றால் பிரித்துப் பார்ப்பதே இல்லை. அதில் வண்டு இருக்கும், இல்லாவிட்டால் வரப் போகும், வந்தால் பக்கத்து மூட்டைக்கும் போகும். யோசிக்காமல் வெளியே தள்ள வேண்டும். யோசிக்கிறவன் கோடவுன் வண்டுக்குத்தான் என்று என் வாப்பா சொல்வார். இருபத்தெட்டு வருஷமாக இந்த முறை என்னைக் கைவிட்டதில்லை.

லேப்டாப்புக்குள்ளும் ஒவ்வொரு ஃபைலுக்கும் பக்கத்தில் தேதி இருந்தது. தேதிப்படி அடுக்கச் சொன்னால் அடுக்கியும் கொடுத்தது. இவ்வளவு ஒழுங்கான கோடவுனை நான் பார்த்ததில்லை என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மகள் பெயரில் ஒரு ஃபோல்டர் இருந்தது. அதைத் தொடவில்லை, அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. மற்ற இடங்களில் மூக்கை நுழைத்தேன். ஒரு ஃபோல்டருக்குள் ஆயிரக்கணக்கில் ஃபைல்கள் கிடந்தன. எல்லாவற்றுக்கும் வாயில் நுழையாத பெயர். எல்லாவற்றுக்கும் ஒரே தேதி. அந்தத் தேதி, நான் அந்த லேப்டாப்பை வாங்கியதற்கு மூன்று வருஷம் முந்தியது.

ரத்தம் தலைக்கு ஏறியது. புதுசு என்று சொல்லித்தானே லேப்டாப் கடைக்காரன் விற்றான்? மூன்று வருஷம் பழைய சரக்கைப் புதுச் சாக்கில் போட்டுத் தைத்து என் தலையில் கட்டியிருக்கிறான். நான் மற்றவர்கள் தலையில் கட்டுகிறவன் இல்லை, என் தலையிலும் யாரும் கட்ட விட்டதில்லை. இத்தனை நாள் இது என் வீட்டில் கிடந்து இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததே என்று எரிச்சலாக வந்தது.

அழி என்றேன். அழிக்க உனக்கு அனுமதி இல்லை என்றது. யாரிடம் அனுமதி வாங்கவேண்டும் என்றும் சொன்னது. 'நம்பிக்கைக்குரிய நிறுவுநர்' என்று பொருள் வருகிற மாதிரி ஏதோ ஒரு பெயர். யார் அவன்? காசு கொடுத்து வாங்கியவன் நான், வீடு என்னுடையது, மின்சாரம் என்னுடையது. உள்ளே உட்கார்ந்துகொண்டு எனக்கு அனுமதி கொடுக்க இவன் யார்? அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். என் மனைவி அடுக்களையில் இருந்து, அந்த வீடியோ இல்லாட்டி வேண்டாம், விடுங்க என்றுகூடச் சொன்னாள். இப்போது வீடியோவா பிரச்சினை? மானப் பிரச்சினை.

கைபேசியில் தேடினேன். வடநாட்டுக்காரர் ஒருவர் இதற்கென்றே ஒரு வீடியோ போட்டிருந்தார். அவர் பேசிய இந்தி புரியாவிட்டாலும் எங்கே அமுக்குகிறார் என்று பார்த்து அப்படியே அமுக்கினேன். உரிமையாளர் யார் என்ற இடத்தில் அந்த நிறுவுநரின் பெயரை எடுத்துவிட்டு என் மகள் கணக்கின் பெயரைப் போட்டேன். அது ஒப்புக்கொண்டது. பிறகு நூறு நூறாகத் தெரிந்தெடுத்து அழித்தேன். சில அசையவில்லை, பயன்பாட்டில் இருக்கிறது என்றன. அவற்றை விட்டுவிட்டு மற்றவற்றைத் தள்ளினேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். கோடவுனில் இருந்து எடுத்த குப்பையை வாசலில் போட்டுவைக்கிற பழக்கம் நமக்குக் கிடையாது. பதினான்கு ஜிபி இடம் கிடைத்தது. கல்யாணம் உள்ளே ஏறத் தொடங்கியது. பார்த்தாயா என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவள் வந்து பார்க்கும்போது திரையில் படங்கள் ஒவ்வொன்றாக வெள்ளைக் காகிதமாக மாறிக்கொண்டிருந்தன. பிறகு திரை முழுக்க நீலமாயிற்று. நடுவில் ஒரு அழுமூஞ்சி. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்று அவள் சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். நான் அணைத்துப் போட்டேன், அணைத்துப் போட்டேன், பதினேழு தடவை அணைத்துப் போட்டேன். அழுமூஞ்சி போய், ஒரு கறுப்புத் திரை வந்து, நாற்பத்தெட்டு இலக்கச் சாவி எண்ணைக் கொடு என்று கேட்டது. எனக்கு அப்படி ஒரு சாவி இருப்பதே தெரியாது.

அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. மகள் செருப்பை மாட்டிக்கொண்டு சொன்ன நான்கு வாக்கியமும் வரிசையாக ஞாபகம் வந்தன. சனிக்கிழமைக்குள் இதைச் சரியாக்கிவிட வேண்டும், அவளுக்குத் தெரியவே கூடாது என்று முடிவு செய்தேன். வீரம் எல்லாம் இப்படித்தான் முடியும்.

செவ்வாய்க்கிழமை காலையில் பேட்டரி மாற்றிய கடைக்கே போனேன். அந்தக் கடைக்காரர் திறந்தார், பார்த்தார், மூடினார். ஃபார்மட் அடிச்சிருவோம் பாய், அரை மணி நேரத்தில் புதுசு மாதிரி ஆகிவிடும் என்றார். ஃபார்மட் அடித்தால் உள்ளே இருப்பது என்று கேட்டேன். உள்ளே இருப்பது போயிரும் என்று டீயை ஊதிக்கொண்டே சொன்னார். லேப்டாப்பை அவர் கையில் இருந்து பிடுங்கினேன் என்றே சொல்ல வேண்டும். அவருக்கு நான் ஏன் கோபப்பட்டேன் என்று இன்றுவரை தெரியாது.

அன்று முழுக்க விசாரித்து, தக்கலையில் ஒரு அம்மா இதில் கெட்டிக்காரி என்று தெரிந்துகொண்டேன். குவைத்தில் ஒரு மருத்துவமனையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரர். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஒற்றை அறைக் கடை. புதன்கிழமை காலையில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். என் வயதுதான் இருக்கும் அவருக்கு. கண்ணாடியை மூக்கில் இறக்கி என்னை முதலில் பார்த்தார், பிறகு லேப்டாப்பைப் பார்த்தார்.

நான் நடந்ததைச் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை, வண்டுவரைக்கும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதுவே அவர்மேல் எனக்கு மரியாதையை உண்டாக்கியது. எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அழிக்கும்போ அது உங்ககிட்ட ஒண்ணும் சொல்லல்லியா?"

"சொன்னது."

"பொறவு?"

நான் அந்த இந்தி வீடியோவை எடுத்துக் காட்டினேன்.

நான் அழித்தது பழைய சரக்கு இல்லை என்று விளக்கினார். அந்தத் தேதி சரக்கு வந்த தேதி இல்லையாம், அந்த இயங்குதளம் தயாரான தேதியாம். எந்த ஊரில் எப்போது வாங்கிய லேப்டாப்பானாலும் அந்த ஃபைல்களில் அதே தேதிதான் இருக்குமாம். அது அசையாமல் கிடந்ததற்குக் காரணம் அதை யாரும் அசைக்கக்கூடாது என்பதுதான். நான் மூட்டை என்று நினைத்து வெளியே தள்ளியது கோடவுனின் தூணை. இதைக் கேட்டதும் வெட்கத்தைவிட ஆச்சரியம்தான் எனக்கு அதிகமாக வந்தது. அப்படியானால் திரையில் ஒரு அம்புக்குறி நகர்வதற்கே அத்தனை ஆயிரம் ஃபைல் வேண்டுமா? ஒன்று ஒன்றும் என்ன செய்கிறது? அழுமூஞ்சியை வரைந்து காட்டியது யார், தூண் விழுந்த பிறகும் அதைக் காட்ட ஒருத்தன் உள்ளே மிச்சம் இருந்தானா? அவர் முதல் மூன்று கேள்விக்குப் பொறுமையாகச் சொன்னார். நான்காவதற்கு, பாய், கொஞ்சம் சும்ம இருந்தா நான் வேலையப் பாப்பேன் என்றார்.

அவருடைய முறை இது. லேப்டாப்பில் இருக்கும் இயங்குதளத்தை எழுப்பப் பார்க்கவே கூடாது. ஒரு பென் டிரைவுக்குள்ளேயே இன்னொரு இயங்குதளம், இலவசமாகக் கிடைப்பது, முழுசாக வைத்திருந்தார். அதைச் சொருகி அதில் இருந்தே லேப்டாப்பை ஓடவிட்டார். வீட்டுச் சாவி தொலைந்தால் பக்கத்து வீட்டு மாடி வழியாக இறங்குவது போல. இரண்டு நிமிஷத்தில் செத்துக் கிடந்த லேப்டாப்பில் புதிதாக ஒரு திரை வந்தது. வண்ணங்கள் வேறு, எழுத்து வேறு. எனக்குக் கைதட்டலாம் போல இருந்தது.

ஆனால் டிஸ்கைத் திறக்கப் போனதும் அங்கேயும் அதே கேள்வி. நாற்பத்தெட்டு இலக்கச் சாவி. லேப்டாப் திருடு போனால் யாரும் படிக்க முடியாதபடி உள்ளே எல்லாம் பூட்டி இருக்கிறதாம். அந்தச் சாவி உங்கள் மகளுடைய கணக்கில் இருக்கும், அவரைக் கேட்டால் போதும், கேட்காவிட்டால் என்னாலும் முடியாது, என்னைவிடப் பெரிய ஆளாலும் முடியாது என்றார். ஜன்னலுக்கு வெளியே நாகர்கோவில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. ஏறிப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன்.

மகளைக் கூப்பிட்டேன். முதலில் சாப்பிட்டாயா என்று கேட்டேன். பிறகு வேறு வழி இல்லாமல் சொன்னேன். கோபத்தில் கத்துவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். நானாக இருந்தால் கத்தியிருப்பேன். அவள், தன் பெயர் போட்ட ஃபோல்டரை நான் தொட்டேனா என்று கேட்டாள். இல்லை என்றேன். ஃபார்மட் பண்ணினார்களா என்றாள். இல்லை என்றேன். அவள் மூச்சு விடுவது கேட்டது. பக்கத்தில் இருக்கிற அந்த அம்மாவிடம் கொடுங்கள் என்றாள். இருவரும் எனக்குப் புரியாத கம்ப்யூட்டர் மொழியில் ஐந்து நிமிஷம் பேசினார்கள். போன் திரும்பி என் கைக்கு வந்தபோது, பேப்பர் எடுத்து எழுதுங்கள் வாப்பா என்றாள்.

ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தடவை சொன்னாள். நான் எழுதி, திருப்பிச் சொல்லி, அவள் சரி என்ற பிறகு அடுத்ததற்குப் போனோம். தொலைபேசியில் சரக்கு எண் எழுதி வாழ்கிறவன் நான், ஒரு இலக்கமும் தப்பவில்லை. அந்த அம்மா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, இந்த எட்டு எண்ணில் ஒவ்வொன்றும் பதினொன்றால் மீதி இல்லாமல் வகுபடும், தப்பாக அடித்தால் இயந்திரம் கண்டுபிடிப்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள் என்றார். சும்மா இருக்க முடியுமா? மனக்கணக்கில் முதல் எண்ணை வகுத்தேன். மீதி இல்லை. இரண்டாவதை வகுத்தேன். மீதி இல்லை. எட்டையும் வகுத்து முடிக்கும்வரை எனக்கு வந்த கவலையே மறந்துபோயிருந்தது. நிமிர்ந்தபோது டிஸ்க் திறந்து கிடந்தது, என் மகளின் பெயர் திரையில் இருந்தது.

முதலில் அந்த ஃபோல்டரைக் காப்பி எடுக்கத் தொடங்கினார். நாற்பது நிமிஷம் ஆகும் என்றது. காப்பி சரியாக வருகிறதா என்று ஒன்றிரண்டைத் திறந்து பார்த்துச் சொல்லும்படி மகள் கேட்டிருந்தாள். திறந்தார். ஒரு பட்டியல் வந்தது. வரிசை வரிசையாகத் தேதி, நேரம், இடம், எந்தத் தவளை, பதிவு பயன்படுமா, பயன்படாது என்றால் காரணம் என்ன. மகள் தமிழிலேயே எழுதி வைத்திருந்தாள். இவ்வளவு நாளில் அவள் வேலையை நான் கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையை என் பக்கம் திருப்பச் சொன்னேன்.

இடம் என்ற கட்டத்தில் எல்லா வரிசையிலும் பூதப்பாண்டி என்று இருந்தது. நான் வேறு ஏதோ பூதப்பாண்டி கேரளத்தில் இருக்கிறதோ என்றுகூட யோசித்தேன். இல்லை, வயலின் பெயரும் வரப்புக்குப் பக்கத்தில் ஓடும் கால்வாயும் எழுதியிருந்தன. நம் பூதப்பாண்டிதான். என் கடையில் இருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரம். நேரம் என்ற கட்டத்தைப் பார்த்தேன். ஆறே முக்கால், ஏழு, ஏழே கால். வியாழக்கிழமைகள். இடவப்பாதியில் இருந்து துலாவர்ஷம்வரை ஒரு வாரம் தவறாமல் என் மகள் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் வந்து வயல் வரப்பில் உட்கார்ந்திருக்கிறாள். வீட்டுக்கு வரவில்லை.

ஏன் என்று நான் யாரையும் கேட்கவேண்டி இருக்கவில்லை. அந்தித் தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்கு முன்னால் பெண்பிள்ளை கூரைக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது நான் போட்ட நிபந்தனை. விடுதியில் சேர்க்கும்போது அதை மூன்று தடவை சொல்லி வாக்கு வாங்கினேன். தவளைகள் பாங்கு சொன்ன பிறகுதான் கத்தத் தொடங்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

காரணம் என்ற கட்டத்துக்கு வந்தேன். பயன்படாத பதிவுகளுக்கு நேராக ஒவ்வொன்று எழுதியிருந்தது. கனமழை. பம்ப்செட். கோயில் மைக். டிராக்டர். அதற்குக் கீழே ஒரு வரிசையில் வாப்பா என்று இருந்தது. புரியாமல் அடுத்ததைப் பார்த்தேன். காற்று. வாப்பா. பம்ப்செட். வாப்பா. வாப்பா. எண்ணினேன், எண்ணாமல் இருக்க என்னால் முடியாது. மழை ஆறு. பம்ப்செட் நான்கு. வாப்பா பத்தொன்பது.

ஒரு வரிசை மட்டும் மஞ்சள் நிறத்தில் இருந்தது. தவளையின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் கேள்விக்குறி. காரணம் என்ற இடத்தில் நான். அதைப் போடுங்கள் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன்.

தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. நமக்கெல்லாம் தெரிந்த தவளைச் சத்தம் தூரத்தில் கேட்டது. பிறகு மிகவும் பக்கத்தில், இரண்டு கூழாங்கல்லை மெல்லத் தட்டினால் வருவது மாதிரி ஒரு சத்தம். மூன்று தட்டு, ஒரு நிறுத்தம், மூன்று தட்டு. அப்படி ஒன்றை ஐம்பத்தாறு வருஷத்தில் நான் கேட்டதில்லை. அந்த அம்மாவும் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார். அடுத்தது எப்போது வரும் என்று நான் திரைக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனபோது போன் மணி அடித்தது. என் கை சட்டைப்பைக்குப் போனது. மணி என் போனில் அடிக்கவில்லை. உள்ளே அடித்தது. வயல் முழுக்க ஒரே நொடியில் அடங்கிப்போயிற்று. என் மகளின் குரல் ரகசியமாக, "சொல்லுங்க வாப்பா," என்றது. "ஆமா, லைப்ரரியிலதான் இருக்கேன்."

அதற்குப் பிறகு பதிவு முடிகிற வரைக்கும் தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான்.

பாங்கு சொன்னதும் அவள் உள்ளே இருக்கிறாளா என்று தினமும் நான் கூப்பிடுவேன். போனை அணைத்து வைத்திருக்கலாமே, எடுக்காமல் இருந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஒரு தடவை அவள் எடுக்கவில்லை என்று நான் விடுதிக் காப்பாளரைக் கூப்பிட்டு, அவரை அறை அறையாகத் தேடவைத்து, ஊரைக் கூட்டிவிட்டேன். மறுநாள் அவள் எத்தனை பேருக்குப் பதில் சொல்லியிருப்பாள் என்று நான் நினைத்ததில்லை. ஒழுங்கான வாப்பா என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். இப்போது அந்தக் கடையில் உட்கார்ந்து அழுதேன் என்று எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை. அந்த அம்மா எழுந்து கீழே போய், வெகுநேரம் கழித்து இரண்டு டீயோடு வந்தார்.

காப்பி முழுக்க வந்துவிட்டது. ஒரு ஃபைலும் குறையவில்லை. அதன் பிறகு அந்த அம்மா டிஸ்கைத் துடைத்து, இயங்குதளத்தைப் புதிதாக ஏற்றினார். கோட்டாற்றுக் கடைக்காரர் சொன்னதும் ஃபார்மட், இவர் செய்ததும் ஃபார்மட். நடுவில் ஒரு காப்பிதான் வித்தியாசம். நான் தள்ளிய ஆயிரக்கணக்கான ஃபைல்களும் அதே தேதியோடு திரும்பி வந்து உட்கார்ந்தன. எனக்கு அனுமதி கொடுக்க மறுத்தவனும் திரும்பி வந்திருந்தான். அவனைப் பார்த்து இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை.

எல்லாம் இருக்கிறது என்று மகளுக்குப் போன் செய்தேன். அவளுக்கு எவ்வளவு சந்தோஷம் என்பது அவள் சிரித்ததிலேயே தெரிந்தது. பிறகு சிரிப்பு நின்றது. ஏதாவது திறந்து பார்த்தீர்களா என்றாள். பார்த்தேன் என்றேன். கேட்டேன் என்றும் சொன்னேன்.

அவள் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். பொய் சொன்னதற்கு. பூதப்பாண்டியில் கூடப் படிக்கிற பிள்ளையின் வீட்டில் தங்கியதாகவும், அந்தப் பிள்ளையின் உம்மாவும் கூடவே வரப்புக்கு வந்து உட்கார்வார்கள் என்றும் வேகவேகமாகச் சொன்னாள். நான் நிறுத்தச் சொன்னேன். அந்த மஞ்சள் வரிசையில் இருக்கிறது எந்தத் தவளை என்று கேட்டேன்.

"தெரியாது வாப்பா. அன்னைக்கு ஒரு நாள்தான் கூப்பிட்டுது. பொறவு எட்டு வாரம் அதே இடத்துல இருந்து பாத்தேன், கூப்பிடல்ல. பதினோரு செகண்ட வச்சு யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ."

இதைச் சொல்லும்போது அவள் குரலில் குற்றச்சாட்டே இல்லை. மழையைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னாள். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். லேப்டாப்பில் நான் அழித்தது அத்தனையும் ஒரு பென் டிரைவில் இருந்து திரும்ப வந்துவிட்டது. இதற்கு எந்தத் தக்கலைக்குப் போவது?

மறுபடி எப்போது வருவாய் என்று கேட்டேன். சனிக்கிழமை என்றாள், லேப்டாப் எடுக்க. அதைக் கேட்கவில்லை, பூதப்பாண்டிக்கு எப்போது என்றேன். இடவப்பாதி பிடித்ததும் என்றாள்.

"வந்தா ராத்திரி நம்ம வீட்டுக்கு வா, மக்களே."

"பாங்கு சொல்லி ரெண்டு மணி நேரமாவது ஆவும், வாப்பா."

"ஆவட்டும். நான் கூப்பிட மாட்டேன். நீ வந்து கதவத் தட்டினாப் போரும்."